சுந்தரியின் குரல் இருந்த பகுதி

ராமபத்ரனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து பூட்டும் வேலையில் சேர்ந்தவர் அவர். ஓய்வு பெறும்போது அந்த லேபே தன்னுடையது என்பது போல நடந்துகொண்டார். கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர்களை எல்லாம் இயக்குவது லினக்ஸ்தான். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் லேபில் உள்ள கம்ப்யூட்டர்களை வரிசையாக அழித்துப் புதிதாக லினக்ஸ் ஏற்றுவது அவர் வேலையாக ஆகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கை எத்தனை பகுதியாகப் பிரிப்பது, எதற்கு எவ்வளவு இடம் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இளம் டீச்சர்கள் பின்னால் நின்று பார்த்து, "ராமபத்ரன் சேட்டன் தொட்டால் மதி" என்பார்கள், தொட்டாலே போதும் என்று. அதைக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அவர் கை ஒரு தடவைகூடப் பிசகியதில்லை, உண்மைதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர்களில் தொலைப்பதற்கு எதுவும் இருந்ததில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் வரைந்த வீடு, தென்னைமரம், சூரியன், அவ்வளவுதான். காலி வீட்டுக்கு வெள்ளையடிப்பது வேறு, ஆள் குடியிருக்கும்போதே சுவரை நகர்த்தி வைப்பது வேறு. இரண்டாவதை அவர் செய்து பார்த்ததே இல்லை. செய்து பார்த்ததில்லை என்பதும் அவருக்கு உறைக்கவில்லை.

அவருடைய முன்னோர்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து எண்ணெய் வியாபாரத்துக்கு வந்தவர்கள். வியாபாரம் எப்போதோ போய்விட்டது, தமிழ் மட்டும் வீட்டில் நின்றுவிட்டது. அதுவும் தமிழ்நாட்டு உறவுக்காரர்கள் வந்தால் "என்ன சொன்னீங்க?" என்று இரண்டாம் தடவை கேட்கிற தமிழ். மனைவி திரிபுரசுந்தரி. இவ்வளவு நீளப் பெயரை யார் கூப்பிடுவது, சுந்தரிதான். ஒரே மகள் தன்யா, பெங்களூரில் வேலை.

சுந்தரியின் குரலைப் பற்றிச் சொல்லாமல் இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. அவள் அடுக்களையில் நின்று கூப்பிட்டால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடந்து போகிறவன் திரும்பிப் பார்ப்பான். மீன்காரன் அவள் வாசலுக்கு வருவதற்கு முன்பே விலையைக் குறைத்து வைத்துக்கொள்வான். பக்கத்து வீட்டு லதீஃபா, "சுந்தரியக்கா சத்தம் கேக்கலேன்னா எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரியே இல்லை" என்பாள். வீட்டில் அந்தச் சத்தத்தில் முக்கால் பங்கு ராமபத்ரனுக்கு விழுகிற திட்டு. அவரும் கல்லுளிமங்கன் போலக் கேட்டுக்கொண்டே பேப்பர் படிப்பார்.

அந்தத் தொண்டையில்தான் வியாதி வந்தது. குரல்வளையை எடுத்தால் பிழைப்பாள் என்று டாக்டர் சொன்னார். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் சுந்தரி ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் அவர் குடையை மறந்து வைத்துவிட்டு இறங்கியபோதுகூட ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதைவிட அதுதான் ராமபத்ரனைப் பயமுறுத்தியது.

தன்யாதான் வழி சொன்னாள். அவளுடைய தோழி ஒருத்தி இந்த மாதிரி வேலை செய்கிறாளாம். ஆபரேஷனுக்கு முன்னால் அம்மா நிறையப் பேசிப் பதிவு செய்து வைத்தால், பிறகு அம்மா எதை எழுதினாலும் அதை அம்மாவின் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும்படி செய்துவிடலாம். படிப்பதற்கு வாக்கியங்களையும் அனுப்பி வைத்தாள். ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து வழிய உட்கார்ந்து சுந்தரி படித்தாள். "வானம் தெளிவாக இருக்கிறது. புகைவண்டி புறப்பட்டது." கொஞ்ச நேரத்திலேயே அவளுக்குச் சலித்துவிட்டது. "ஆரு இப்படிப் பேசறாங்க?" என்று தாளைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஆரம்பித்தாள். "இந்த மனுஷனுக்கு ஒரு தடவை சொன்னா செவியிலே ஏறாது. சாயா ஆறிப் போச்சு, வந்து குடிக்கிறீங்களா, இல்லை பூனைக்கு ஊத்தவா?" பாதி தமிழ், பாதி மலையாளம். போனில் கொஞ்சம் போட்டுக் காட்டியபோது பெங்களூர்த் தோழிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. இப்படியே பேசச் சொல்லுங்கள் என்றாள். அப்புறம் கேட்க வேண்டுமா? கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்திருந்த கணக்கையெல்லாம் சுந்தரி அந்த மைக்கில் தீர்த்தாள். ராமபத்ரன் பதிவு பொத்தானை அமுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுந்தரி பிழைத்தாள். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். ஒரு தடவை பேசிப் பார்த்தாள். தகரத்தைத் தட்டுகிற மாதிரி வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அதை அலமாரிக்குள் போட்டு மூடிவிட்டாள். "எனக்கு என் ஒச்சை மதி" என்று போனில் எழுதிக் காட்டினாள். ஒச்சை என்றால் குரல். அதற்காகத்தான் காத்திருந்தாள்.

வீட்டில் இருக்கும் பதிவுகளிலிருந்தே குரலைச் செய்கிற மென்பொருளைத் தோழி ஒருவழியாக அனுப்பினாள். ராமபத்ரன் ஏற்றப் பார்த்தார். இடமில்லை என்றது கம்ப்யூட்டர்.

இடமில்லாமல் போனதற்குக் காரணம் அவரேதான். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் வீட்டு டிஸ்க்கையும் மூன்று பகுதியாகப் பிரித்திருந்தார். லினக்ஸ் இருக்கும் முதல் பகுதி சின்னது. இரண்டாவதில் சுந்தரியின் குரல். மூன்றாவதில் அதன் இன்னொரு பிரதி. "பேக்கப் வெச்சிருக்கீங்களா அப்பா?" என்று தன்யா கேட்டபோதெல்லாம், "ரெண்டு எடத்துலே இருக்கு மோளே" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். இரண்டு இடமும் ஒரே டிஸ்க்குக்குள் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தபோது கத்தினாள். வெளியே ஒரு டிஸ்க் வாங்கிக் காப்பி எடுத்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள் என்றாள். சரி, பிராட்வே கடைத்தெருவுக்குப் போகும்போது வாங்குகிறேன் என்றார். ஆனால் பிராட்வேக்குப் போவதற்கு முன்னால் தை அமாவாசை வந்துவிட்டது.

இங்கேதான் அவருடைய இன்னொரு குணத்தைச் சொல்ல வேண்டும். மலையாளிகள் அமாவாசையை வாவு என்பார்கள், அன்றைக்கு ஒரு நல்ல காரியத்திலும் கை வைக்க மாட்டார்கள். ராமபத்ரன் வீட்டில் அப்படியல்ல. நிறைந்த அமாவாசை என்றால் அதைவிட நல்ல நாள் கிடையாது. அவர் வேலையில் சேர்ந்தது அமாவாசையில், இந்த வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சியது அமாவாசையில். மூன்று தலைமுறை கொச்சித் தண்ணீர் குடித்தும் இதில் மட்டும் அவர் திருநெல்வேலிக்காரர். சுந்தரியின் குரல் திரும்பி வருகிற காரியம், தை அமாவாசையை விட்டு வேறு எந்த நாளில் தொடங்குவது?

பழைய சிநேகிதர் சுதீர் மாஸ்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போனில் சிரித்தார். "வாவல்லே இன்னு? வாவின்னு ஆரெங்கிலும் நல்ல காரியம் துடங்குமோ, ராமபத்ரா?"

"எங்களுக்கு இதுதான் நல்ல நாள், மாஷே" என்று வைத்துவிட்டார்.

வாவு என்றால் மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அன்று கடல் ஏறும். காயல் நிறைந்து, வாய்க்கால் நிறைந்து, தண்ணீர் சந்துக்குள் வரும். இது ராமபத்ரனுக்குத் தெரியாததல்ல, பிறந்ததிலிருந்து பார்க்கிறார். அவர் வீட்டில் வாசற்படி வரை வரும், கொஞ்ச நேரம் நிற்கும், தானே போய்விடும். உள்ளே வந்ததில்லை.

காலையில் குளித்து, விளக்கேற்றி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைச் செருகி அதிலிருந்து மெஷினைக் கிளப்பினார். அந்தப் பென் டிரைவ் சின்னது, பதிவுகள் அதில் கொள்ளாது. செய்ய வேண்டியது மூன்று காரியம். மூன்றாவது பகுதியை அழித்து இடம் உண்டாக்க வேண்டும். இரண்டாவது பகுதியை அப்படியே கடைசிக்கு நகர்த்த வேண்டும். நடுவில் விழுகிற இடத்தை முதல் பகுதியோடு சேர்க்க வேண்டும். மூன்றாவதை அழித்தார், கண்மூடித் திறப்பதற்குள் போயிற்று.

சுந்தரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் எழுதி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "ரெண்டாவது காப்பியைக் களைஞ்சாச்சா?"

"களைஞ்சாதான் எடம் கெடைக்கும். இனி ஒண்ணுதான் இருக்கு, அதை நகர்த்தறோம், அத்ரேயுள்ளூ, அவ்வளவுதான். நான் எத்தனை மெஷின் பண்ணியிருக்கேன்!"

அவள் முகத்தைச் சுளித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். முன்பானால் அந்தச் சுளிப்போடு ஒரு பாட்டம் திட்டும் வந்திருக்கும், அவரும் ஒருவேளை கையை எடுத்திருப்பார். இப்போது முதுகுக்குப் பின்னால் நடந்த சுளிப்பு அவருக்குத் தெரியவே இல்லை. நகர்த்தும் பொத்தானை அமுக்கிவிட்டார்.

பகுதியை நகர்த்துவது என்றால், கிட்டங்கியில் மிளகு மூட்டைகளை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒவ்வொன்றாகச் சுமந்து அடுக்குவது போலத்தான். பாதியில் நின்றால் பாதி அங்கே, பாதி இங்கே, எது எங்கே என்று சொல்லும் கணக்கும் கிடையாது. அதனால்தான், இது முடியும் வரை கரண்ட் போகக் கூடாது என்று முதலிலேயே எச்சரிக்கை வந்தது. நிறுத்தும் பொத்தான் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் அம்பைக் கொண்டுபோனாலே, நிறுத்தினால் எல்லாம் கெட்டுப்போகலாம் என்றது. பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. மீதி நேரம் என்று அது காட்டியது குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போனது.

லதீஃபா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "ராமபத்ரண்ணே, ரோட்டுலே வெள்ளம் வந்தாச்சு!"

"படி வரை வரும், போகும்" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தண்ணீர் படி வழியாக வரவில்லை. குளியலறைச் சாக்கடைக் குழாய் வழியாகக் குமிழி விட்டுக்கொண்டு வந்தது. கறுப்பாக, நாற்றத்தோடு, முன்னறைத் தரையில் பரவியபோதுதான் ராமபத்ரன் காலில் ஜில்லென்று பட்டுக் குனிந்து பார்த்தார்.

கம்ப்யூட்டர் பெட்டி தரையில் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை ஆட்டாமல் அலுங்காமல் இரண்டு கையாலும் தூக்கினார். சுந்தரி ஓடி வந்து அடியில் ஸ்டூலைத் தள்ளினாள். யுபிஎஸ்ஸை நாற்காலியில் வைத்தார். அதன் பேட்டரி பெயருக்குத்தான், கரண்ட் போனால் ஒரு தடவை கூவிவிட்டுத் தானும் படுத்துவிடும். மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நாள் போய்விட்டது. எல்லாவற்றையும் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் நனையப் போனது. கையில் அகப்பட்ட சணல் கயிற்றால் அதை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்.

அடுக்களையும் நடையும் ஒரு படி உயரம், அங்கே இன்னும் தண்ணீர் ஏறவில்லை. சுந்தரி அங்கே ஏறி நின்று அவரையும் வரும்படி கையைக் காட்டினாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"அண்ணே, மெயின் ஓஃப் ஆக்குங்க!" மறுபடியும் லதீஃபா. "எங்க ஃப்ரிட்ஜைத் தொட்டா அடிக்குது. சந்துக்கே கரண்டை நிறுத்தச் சொல்லிப் போன் பண்ணிட்டாங்க."

"அய்யோ, லதீஃபா, கொறச்சு நேரம்! முடியப் போவுது. அவங்ககிட்டே ஒண்ணு சொல்லேன், சுந்தரியோட ஒச்சை இதுக்குள்ளே இருக்குன்னு சொல்லேன்!"

லதீஃபா என்ன சொல்வாள் பாவம். குழந்தைகளை மாடிக்கு ஏற்றப் போய்விட்டாள். யாரிடம் போய்க் கெஞ்சுவது? கடலிடமா, லைன்மேனிடமா, இந்தப் பச்சைக் கோட்டிடமா? அவர் கோட்டிடம்தான் கெஞ்சினார். கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்ட சாக்கடைத் தண்ணீரில், வெறும் காலோடு நின்று, "போ, போ, ஒண்ணு வேகம் போ" என்று முணுமுணுத்தார். கோடு முக்கால் தாண்டியிருந்தது. வாழ்க்கையில் அவர் இப்படிக் கையாலாகாமல் நின்றதில்லை, ஆபரேஷன் அறைக்கு வெளியேகூட.

படியில் நின்ற சுந்தரிதான் அதைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் கட்டிய முடிச்சு நழுவிக்கொண்டிருந்தது. எக்ஸ்டென்ஷன் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, தண்ணீருக்கு ஒரு விரல் உயரத்தில் ஆடியது, அவர் காலுக்குப் பக்கத்திலேயே. அந்தப் பழைய வீட்டில் ஷாக் அடித்தால் தானே அணைகிற சுவிட்ச் எதுவும் கிடையாது.

அவள் வாயைத் திறந்தாள். பழக்கம் அப்படி. வாய் திறந்தது, ஆபரேஷனில் கழுத்தில் வைத்த துளை வழியாகக் காற்று போனது, அவ்வளவுதான். தட்டை எடுத்துச் சுவரில் மோதினாள்.

"ஒண்ணு சும்மா இரு, சுந்தரி!" என்று திரும்பாமலேயே கத்தினார் ராமபத்ரன். "சத்தம் போடாதே!"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளிடம் சொல்லத் துணியாத வார்த்தை அது. பக்கத்தில் கிடந்த கரண்டியை எடுத்து வீசினாள். அது அவர் முதுகில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. அப்போதும் அவர் திரும்பவில்லை. பெட்டி இன்னும் இறங்கியது. சுந்தரி நடைக்கு ஓடி மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டாள்.

யுபிஎஸ் ஒரு தடவை கூவியது. திரை இருண்டது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த டிஸ்க் தேய்ந்து தேய்ந்து நின்றது.

ராமபத்ரன் திரும்பினார். அவர் முகம் அவர் முகமாகவே இல்லை. "நீ என்ன பணி செஞ்சே! கொறச்சு நேரம்! கொறச்சு நேரம்தானே இருந்துச்சு! எல்லாத்தையும் முடிச்சிட்டியே, பாவி!" சந்து முழுக்கக் கேட்டிருக்கும். சுந்தரி கையை நீட்டி அவர் காலடியைக் காட்டினாள். எக்ஸ்டென்ஷன் பெட்டி கறுப்புத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. கயிறு மட்டும் மேலே மிதந்தது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வேறு யாருடைய குரலிலோ பேசுவது போலக் கேட்டார். "ஒண்ணுதான் இருந்துச்சு. காலையிலேயே உன்கிட்டே சொன்னேன்ல?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சேயா நிறுத்தினே?"

மறுபடியும் ஆட்டினாள். இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறாரே என்கிற எரிச்சல்தான் அவள் முகத்தில் இருந்தது. தண்ணீரில் இறங்கி வந்து, அவர் கையைப் பிடித்து, படி மேலே ஏற்றி உட்கார வைத்தாள்.

மத்தியானம் தண்ணீர் வந்த குழாய் வழியே இறங்கிப் போயிற்று. சுந்தரி எல்லாவற்றையும் துடைத்து, நனையாத பிளக்கில் மெஷினைச் செருகிக் கொடுத்தாள். பென் டிரைவிலிருந்து கிளப்பிப் பார்த்தார். இரண்டாவது பகுதி இருந்த இடத்தில், இன்னதென்று தெரியாத ஏதோ ஒன்று இருப்பதாகக் காட்டியது. தெரிந்த கட்டளைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார். லேபில் அவருக்கு இது வேண்டியிருந்ததே இல்லை, அங்கே கெட்டுப்போனால் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிவிடுவார்கள். கடைசியில் கீபோர்டைத் தள்ளி வைத்தார். தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளையெல்லாம் நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

அப்போது தன்யா கூப்பிட்டாள். "எந்தாச்சு அப்பா, முடிஞ்சுதா?"

"போச்சு, மோளே."

நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, சுந்தரியைப் பாவி என்று கத்தியதைக்கூட. தன்யா அழுகையை அடக்கிக்கொண்டு, கலூரில் இப்படிக் கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தருகிற கடை ஒன்று உண்டு, விசாரிக்கிறேன் என்றாள். விசாரி என்றார். வந்தாலும் துண்டும் துணுக்கும்தான் வரும் என்று அவருக்குத் தெரியும், அதை அவளிடம் சொல்லத் தெம்பில்லை.

"அம்மா அழறாளா?"

ராமபத்ரன் திரும்பிப் பார்த்தார். முன்னறையில் சுந்தரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தென்னந்துடைப்பத்தால் சேற்றை வாரித் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தள்ளுக்கும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

"இல்லை. சேறு வாரறா. என்னைத் திட்டிக்கிட்டே வாரறா."

"என்ன சொல்லித் திட்டறா, அப்பா?"

அவர் போனைக் காதில் வைத்தபடியே அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

"தெரியலே, மோளே" என்றார். "கேக்க முடியலே."